அமைதியான பிள்ளை என்று நான் மூடிய ஃபைல்

குன்னூரில் பள்ளி ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்த இருவரோடு போன மாதம் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. "சேட்டையே பண்ண மாட்டா மேடம், ஏடிஹெச்டி-யா இருக்க வாய்ப்பே இல்ல" என்றார்கள். ஏடிஹெச்டி என்பது கவனக்குறைவாகவோ அடங்காத துறுதுறுப்பாகவோ இரண்டுமாகவோ தெரியும் ஒரு மூளை வளர்ச்சிக் குறைபாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். புதிதாக வருகிற ஆலோசகர்கள் இதில் எங்கெங்கே தவறுகிறோம் என்று சொல்கிறேன்.

சோம்பேறி என்று திட்டக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன்.

பையனை மனதில் வைத்துக்கொண்டு பெண்ணைத் தேடுவது

ஆரம்பகால ஆய்வுகள் பெரும்பாலும் பையன்களை வைத்தே நடந்தன. அதனால்தான் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடுகிறவன் முகம் நமக்கு முதலில் வருகிறது. அவனை அன்றைக்கே என் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பவளை யார் அனுப்புவார்கள்? இத்தனைக்கும் துறுதுறுப்பு இல்லாமலும் இது வரும் என்று மனநலக் குறைபாடுகளை வரையறுக்கும் அமெரிக்காவின் டிஎஸ்எம் கையேடு 1980-லேயே சொல்லிவிட்டது.

நோட்டைப் பார்த்து முடிவு கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஏழாம் வகுப்புப் பெண். ஒரே ஐப்பசியில் மூன்று குடையைத் தொலைத்தாள் என்று அவள் அம்மா என்னிடம் வந்தார். நான் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். மார்ஜின் கோணாமல், தலைப்புக்குச் சிவப்பு அடிக்கோடு போட்டு, அச்சடித்த மாதிரி இருந்தது. இடது உள்ளங்கையில் நீலப் பேனாவில் 'குடை, டிபன், ஐடி' என்று எழுதியிருந்தாள். பொறுப்பான பிள்ளை என்று மெச்சி, 'கவனம் நன்று' என்று எழுதி ஃபைலை மூடினேன்.

கோவையில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். முதல் செமஸ்டரிலேயே நான்கு அரியர். பத்தொன்பது வயதில் அங்கே ஒரு மனநல மருத்துவர்தான் ஏடிஹெச்டி என்று கண்டுபிடித்தார். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தபோது சொன்னார்: "பக்கத்து வீட்டுப் பொண்ணு நோட்டை வாங்கிப் பதினோரு மணி வரைக்கும் எழுதுவா மேடம். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கணும். நான் எந்திரிச்சா அவளும் எந்திரிச்சிருவா."

ஹாஸ்டலில் பக்கத்தில் உட்கார அம்மா இல்லை. அவ்வளவுதான் விஷயம். நான் பார்த்த அழகான நோட்டு, ஒரு பிள்ளையின் தூக்கமும் ஒரு தாயின் இரவும் சேர்ந்து செய்தது. உள்ளங்கை எழுத்து என் கண்ணெதிரேதான் இருந்தது.

"முடிச்சாளா?" என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு முடித்தாள், பக்கத்தில் யார் இருந்தார்கள், எத்தனை முறை அழுதாள் என்று கேளுங்கள்.

மார்க்

நல்ல மார்க் வாங்குகிறாள் என்பதால் ஏடிஹெச்டி இல்லை என்றாகிவிடாது.

பதற்றத்தோடு நிறுத்திக்கொள்வது

நாளெல்லாம் சமாளித்துக் களைத்தவள் பதற்றமாகத்தான் வருவாள். பதற்றத்துக்கு வைத்தியம் பாருங்கள். ஆனால் எது முதலில் வந்தது என்று தோண்டுங்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்பது 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கணக்கு. அதற்கு முன் 7 வயது. ஆகவே மூன்றாம், நான்காம் வகுப்பில் எப்படி இருந்தாள் என்று வீட்டில் விசாரியுங்கள். தூக்கம், தைராய்டு, ரத்தசோகை இவற்றையும் டாக்டர் பார்த்துவிடட்டும்.

ஸ்கேன்

மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்லாதீர்கள். ஏடிஹெச்டி அதில் தெரியாது.

அம்மாவை வெளியே உட்கார வைப்பது

ஏடிஹெச்டி குடும்பத்தில் வருவது. மகளின் அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டே வரும்போது, "நானும் இப்படித்தான் மேடம், இன்னிக்கும் அடுப்புல பாலை வெச்சிட்டு மறந்துருவேன்" என்று மெல்லச் சொல்கிற அம்மாக்கள் உண்டு. சிரித்துக் கடந்துவிடாதீர்கள். கவனக்குறைவுப் பட்டியலில் உள்ள 9 அறிகுறிகளில் பிள்ளைகளுக்கு 6 வேண்டும்; 17 வயது முதல் 5 போதும். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அந்த அம்மாவுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். ஊட்டிக்கோ கோவைக்கோ உடனே பஸ் ஏற முடியாதவர் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்துத் தமிழிலேயே பேசலாம்.