நேர்மைப் பட்டறைக்கு நிதி கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கோலாலம்பூரில் ஒரு நிதிக்குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஆய்வு நேர்மை குறித்த பட்டறைக்குப் பணம் கேட்டு வந்த ஒரு கோப்பில், சாப்பாட்டுக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள் இருந்தன. மூன்று கடை, மூன்று முத்திரை. மூன்றிலும் நாசி லெமாக் என்ற உணவின் பெயர் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. தரவுகளைப் புனைவது எத்தகைய குற்றம் என்று அதே கோப்பின் நான்காம் பக்கம் விளக்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் திருடர்கள் அல்லர். மூன்று விலைப்புள்ளி இல்லையென்றால் கோப்பு நகராது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆய்வகத்திலும் புனைவு இப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்த சறுக்கல் நோக்கத்தில். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதினால் குழுவுக்கு ஒன்றும் புரியாது. புனைதல், திரித்தல், பிறர் எழுத்தைத் திருடுதல் ஆகிய மூன்றையே அமெரிக்காவின் ஆய்வு நேர்மை அலுவலகம் முறைகேடு என்கிறது; உள்நோக்கமின்றி நேர்ந்த பிழையை அதில் சேர்ப்பதில்லை. ஆய்வு நேர்மை குறித்த 2010இன் சிங்கப்பூர்ப் பிரகடனமோ நான்கு நெறிகளையும் 14 பொறுப்புகளையும் அடுக்குகிறது. பதினான்கையும் ஒரே பகலில் திணிக்கப் பார்க்கிறார்கள். ஒன்றை எடுங்கள். ஆசிரியர் பட்டியலில் யார் பெயர் வரலாம் என்பதற்கே அரை நாள் வேண்டும். கருவியை இயக்கியவர், நிதி வாங்கித் தந்தவர், வரைவைத் திருத்தியவர், எதுவும் செய்யாத துறைத்தலைவர் என நால்வரைக் காட்டி முடிவெடுக்கச் சொல்லுங்கள். அரங்கம் தானாகச் சூடேறும். கூடவே மலேசியாவுக்கென்றே உள்ள ஆய்வு நடத்தை நெறிகளையும் கையில் கொடுங்கள். வெளிநாட்டு ஆவணங்களை மட்டும் மேற்கோள் காட்டும் விண்ணப்பங்களே அதிகம்.

முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் நடந்த ஊர் கோலாலம்பூர். விழா நடத்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதுதான் சிக்கலே. ஒன்பது மணிப் பட்டறையில் குத்துவிளக்கு, வாழ்த்துரை, பொன்னாடை, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகருடன் படம் எல்லாம் முடியப் பத்தே முக்கால் ஆனதைப் பார்த்திருக்கிறேன். படம் எடுத்ததும் ஆய்வு மேற்பார்வையாளர்கள் கிளம்பிவிட்டார்கள். மாணவர்கள் மட்டும் அமர்ந்து, தங்களால் மாற்ற முடியாத வழக்கங்களைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள். மேற்பார்வையாளரும் மாணவரும் இணையாகப் பதிவு செய்தால்தான் இடம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆதரவாளரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆய்வேடு பிறர் எழுத்தோடு எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருளை விற்பவர் பணம் தந்தால், விழுக்காடு குறைந்தால் நேர்மை கூடியது என்று பேச்சு திரும்பிவிடும். அந்த விழுக்காடு பொருந்தும் சொற்களைத்தான் எண்ணுகிறது. புனைந்த அட்டவணையை அது அறியாது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன் ஆய்வேட்டில் சேர்த்தவரும் பெரும்பாலும் அதில் சிக்குவதில்லை.

பலனைக் காட்ட வருகைப்பதிவேடு போதாது. ஒரே சிக்கலைத் தொடக்கத்திலும் முடிவிலும் கொடுத்து, விடைகள் எங்கே மாறின என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்து, ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி போடுகிறார்களா என்றும் கேளுங்கள்.

அந்த நாசி லெமாக் கோப்பைத் திருப்பி அனுப்பினோம். மறுவாரம் ஒரே விலைப்புள்ளியோடு வந்தது. மற்ற இரு கடைகளிடமும் கேட்டோம், பதில் வரவில்லை என்று கீழே ஒரு வரி, கையொப்பத்தோடு. அன்றே பணத்துக்கு ஒப்புதல் கொடுத்தோம்.