கொடுத்துக் கெடுக்காமல் உதவுவது எப்படி?

வறிய குடும்பமொன்றுக்கு உதவ முற்படும்போதே, கொடுத்துப் பழக்கினால் உழைக்க மாட்டார்கள் என்று யாராவது எச்சரிப்பார்கள். அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளியலாளர்கள், வளரும் நாடுகளின் ஏழு பண உதவித் திட்டங்களின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, உதவி பெற்றோர் வேலையைக் குறைத்துக்கொண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே, எதை, எந்த வரிசையில், எவ்வளவு காலம் கொடுப்பது என்பதிலேயே உங்கள் கவனம் இருக்கட்டும்.

முதலில், அந்த வீட்டில் உழைக்கக்கூடியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். தனித்து வாழும் முதியவரிடமும் தீரா நோயாளியிடமும் சொந்தக் காலில் நிற்கச் சொல்வது கொடுமை. அவர்களுக்கான உதவிக்குக் கெடு வைக்காதீர்கள். இ-சேவை மையத்துக்கு உடன் சென்று அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவினால், உங்கள் கை ஓய்ந்தாலும் அவர்களுக்கு ஒரு வரவு இருக்கும்.

உழைக்கக்கூடிய குடும்பமென்றால், வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்னும் தொண்டு நிறுவனம் 2002இல் மிக வறிய பெண்களுக்காகத் தொடங்கிய திட்டத்தின் வரிசையைப் பின்பற்றலாம். சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை, பிழைப்புக்கு ஆடு போன்ற ஒரு பொருள், தொடர்ந்து நேரில் சந்திப்பு ஆகியவை அதில் அடங்கும். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் என்னும் தொண்டு அமைப்பு அதே முறையில் நடத்திய திட்டத்தை ஆராய்ந்தபோது, பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் செலவழிக்கும் வசதியும், உதவி பெறாத குடும்பங்களைவிடக் கூடுதலாகவே இருந்தன.

அந்த வரிசையில் சாப்பாட்டுச் செலவுக்கான சிறு தொகையும் பிழைப்புக்கான பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அடுப்பெரியாத வீட்டுக்கு ஆட்டை மட்டும் கொடுத்தால் அது சில வாரங்களில் விலைபோய்விடும். அப்படி விற்பது அவர்களின் தவறன்று, பசிக்கு வேறு வழியில்லாததன் விளைவு. ஆகவே, அந்தப் பொருள் வருமானம் தரத் தொடங்கும் வரையேனும் சாப்பாட்டுக்கான தொகையை நிறுத்தாதீர்கள். பொருள் எதுவென்பதைப் பெறுபவரே தேர்ந்தெடுக்கட்டும். கொடுப்பவர்களுக்குத் தையல் இயந்திரத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு (விழா மேடையில் நன்றாகத் தெரியும் என்பதால் இருக்கலாம்). ஆனால் அந்தத் தெருவில் துணி தைக்கக் கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் விசாரியுங்கள். ஆடு என்றால் கொட்டகை, மேய்ச்சல், கால்நடை மருத்துவர் ஆகிய மூன்றுக்கும் வழியிருக்க வேண்டும்.

கந்துவட்டிக் கடன் இருக்கிறதா என்பதையும் பக்குவமாகக் கேட்டறியுங்கள். இருந்தால், புதிய வருமானம் முழுவதும் வட்டிக்கே போகும் என்பதால், அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு முதலிடம் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை நேரில் சென்று வரவு செலவையும் சேமிப்பையும் பற்றிப் பேசுங்கள். பந்தன் திட்டத்தில் இந்தச் சந்திப்புகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தொடர்ந்தன. உதவி எந்த மாதத்தில் முடியும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். நாள் தெரிந்தால் அவர்கள் அதற்கேற்பத் திட்டமிடுவார்கள், தெரியாவிட்டால் உங்கள் முகக்குறிப்பைப் பார்த்து வாழ வேண்டியிருக்கும். குறித்த மாதத்துக்குப் பிறகு நோயோ விபத்தோ வந்தால், அந்தச் செலவுக்கு மட்டும் தனியாக உதவுங்கள். அதற்காக மாதாந்தரத் தொகையை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.