127 பகா எண்தானா? கடைக் கால்குலேட்டரை வைத்தே பார்த்துவிடலாம்

2024 அக்டோபரில் அறிவித்த மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வருவது. அதை உறுதிசெய்த லூக்காஸ்-லேமர் சோதனையை, கோத்தகிரியில் கரண்ட் போன ஒரு மழை ராத்திரியில் நோட்டில் போட்டுப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்டது 127. ஏழு இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தது, ஆகவே அடுக்கு 7.

பேட்டரி போட்ட 12 இலக்கக் கடைக் கால்குலேட்டர் வாங்குங்கள். சோலார் வகை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொள்ளும்.

முதலில் 4 என்று எழுதுங்கள். அதன் வர்க்கத்தில் 2 கழித்தால் 14. திரும்பவும் அதையே செய்தால் 194. இது 127-ஐத் தாண்டிவிட்டதால் மீதி மட்டும் போதும்: 67. இப்படி அடுக்கில் 2 குறைத்து, அதாவது 5 முறை. தொடக்கத்தில் எழுதிய 4 எண்ணிக்கையில் சேராது. கடைசியில் 0 வந்தால் பகா எண்.

மீதி காண 127-ஆல் வகுக்காதீர்கள், தசமப் புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். 128-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். ஒவ்வொரு 128-லும் 127 போக 1 மிஞ்சுகிறதே, அந்த ஒன்றுகள்தான் ஈவு. 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487; அதில் 35 முறை 128, மீதி 7. கூட்டினால் 42. அடுத்தது 1762: 13-ம் 98-ம் சேர்ந்து 111.

நான் சறுக்கியது ஐந்தாவது முறையில். 12319-இல் 96 முறை 128, மீதி 31. கூட்டினால் 127. 'பூஜ்ஜியம் வரவில்லை, பகா எண் இல்லை' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்! காலையில் டீ ஆற்றும்போதுதான் உறைத்தது: 127-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி ஏது? கூட்டுத்தொகை 127 அல்லது அதற்கு மேல் வந்தால் 127-ஐக் கழித்துவிடுங்கள்.

அடுக்கு 11-ஐயும் போட்டுப் பாருங்கள். எண் 2047, வகுப்பது 2048-ஆல். ஒன்பதாவது முறை 1736 வரும், 0 அல்ல. 2047 என்பது 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது.

1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் அடுக்கு 127-ஐ, 39 இலக்க எண்ணை, கணினி இல்லாமலே பகா எண் என்று காட்டினார். நமக்கு 2047-க்கே கை வலிக்கிறது.

பின்சேர்க்கை: குன்னூர் அக்கா ஒருவர் அடுக்கு 2-க்குப் போட்டு, '3 பகா எண் இல்லையா?' என்று கேட்டிருந்தார். அடுக்கு 2-க்கு இந்தச் சோதனை செல்லாது. 3, 5, 7 போன்ற ஒற்றைப்படைப் பகா எண்களே அடுக்காக வேண்டும். 12 இலக்கக் கால்குலேட்டர் அடுக்கு 19 வரை தாங்கும். அதற்கு மேல் கணினியில் பைத்தான் நிரல்மொழிதான். அதில் 2^7 என்று அடித்தால் 128 வராது, 5 வரும். 2**7 என்று அடியுங்கள்.