தாப்பாவிலிருந்து பாசிக்காட்டுக்கு, பிள்ளைகளோடு

மலேசியாவில் தாப்பா, பீடோர் பக்கத் தோட்டங்களில் இருக்கிற நமக்குக் கேமரன் மலை என்றால் ஸ்ட்ராபெரி, தேயிலை, காய்கறிச் சந்தை. அத்தோடு காரைத் திருப்பிவிடுவோம். அதற்கும் மேலே, 2,000 மீட்டரைத் தாண்டி, பிரிஞ்சாங் மலையில், மரமும் தரையும் பாசி மூடிய பாசிக்காடு இருக்கிறது. நடை கொஞ்சம்தான். சிரமமெல்லாம் ரோட்டிலும் மழையிலும்.

முதல் வேலை, முந்தின நாளே வனத்துறையில் விசாரிப்பது. சில சமயம் பாதையை மூடிவிடுவார்கள். மேலே ஏறும் ரோடு ரொம்ப ஒடுக்கம். மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் கீழே தானா ராத்தா ஊரில் காரை விட்டுவிட்டு ஜீப் பிடிப்பது நல்லது.

அடுத்து, விடியுமுன் கிளம்புங்கள். மலையில் மத்தியானத்துக்கு மேல் அடிக்கடி மழை பிடித்துக்கொள்ளும். நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்த வளைவுகளில் ஏறினால் பின்சீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு இரண்டு இட்லி, வாயில் போட அசாம் போய் (உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பழம்), போதும். லாத்தா இஸ்கந்தார் அருவியில் ஒரு தடவை இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

உடுப்பு விஷயத்தில் கணக்கு எளிது: 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். தாப்பாவில் 32 என்றால் மேலே 20 தான். நனைந்த பிள்ளைக்கு அது கடுங்குளிர். மழைச்சட்டை, மாற்றுக் காலுறை, பிளாஸ்கில் மைலோ.

உள்ளே போனதும் நடைபலகையை விட்டு இறங்க விடாதீர்கள். தரை மாதிரி தெரிவது மக்கிய இலையும் வேரும் பாசியும் சேர்ந்த ஈரக்குவியல். மிதித்தால் அமுங்கும், மறுபடி எழ வெகுகாலம் ஆகும். பாசியை ஒரு விரலால் மெல்ல அழுத்திக் காட்டுங்கள், பஞ்சு போலத் தண்ணீர் கசியும். மேகத்திலிருந்தே குடித்த தண்ணீர் அது. குடுவைச் செடி கண்ணில் பட்டால் பறிக்காமல் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் தேங்கிய நீரில் எறும்பு மிதக்கும். மண்ணில் சத்து போதாததால் பூச்சியைக் கரைத்துப் பிழைக்கிற செடி. என் கணக்கில் இந்தப் பயணத்துக்கே இது ஒன்று போதும்.

ஈராவ் மலை உச்சிக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது. முழங்கால் வரை சேறு. சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

12 மணிக்குள் இறங்கிவிடுங்கள். ரிங்லெட்டில் ரோட்டோரம் நீர்மின் அணையின் ஏரி வரும். பல நாள் தேநீர் நிறத்தில்தான் இருக்கும்: மேலே சரிவுகளை வெட்டிப் போட்ட காய்கறித் தோட்டங்களின் மண் மழையில் கரைந்து வந்து சேர்கிறது. கட்டுச்சோற்றை அங்கே பிரிக்கலாம், பிள்ளைகள் தூங்காமல் இருந்தால்.