மறந்துபோன மாண்டரினை மீட்க ஒரு குளிர்கால வார இறுதி

பெய்ஜிங்கில் நவம்பர் 15 ஆனால் குடியிருப்புகளுக்கு வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு வந்துவிடும். மார்ச் 15 வரை அது இருக்கும். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர், உள்ளே ஒற்றைச் சட்டையோடு உட்காரலாம். கிளம்பவே மனம் வராது. கிளம்பினாலும் போனைக் காட்டினால் காசு போய்விடுகிறது, வாயைத் திறக்கத் தேவையில்லை. எனக்கு மாண்டரின், அதாவது சீனப் பொதுமொழி, மறந்தது இப்படித்தான். படித்தால் புரியும், பேச மட்டும் வராது. அதைத் திரும்பக் கொண்டுவந்த வழி இது.

படி 1: வெள்ளி இரவு, மூன்றே வாக்கியம்

பாடப்புத்தகத்தைத் தொட வேண்டாம். நாளைக்குக் கட்டாயம் தேவைப்படுவதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்.

"யீ ஜின் துவோஷாவ் ச்சியென்?" – ஒரு ஜின் என்ன விலை? (ஜின் என்றால் 500 கிராம்.)
"வோ ச்சிர் ஸு" – நான் சைவம்.
"ச்சிங் ட்ஸாய் ஷுவோ யீ பியென்" – இன்னொரு தடவை சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் முதல் பதில் புரியாத நொடியிலேயே கை போனுக்குப் போய்விடும்.

படி 2: பால்கனியில் மூச்சுப் பயிற்சி

"துட்ஸ" என்றால் வயிறு. "த்ஹுட்ஸ" என்றால் முயல். இரண்டுக்கும் தொனி (குரல் ஏறி இறங்கும் விதம்) ஒன்றுதான், வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. முதல் சொல்லில் வருவது நம் "துணி"யில் வரும் அதே "து". இரண்டாவதில் காற்றைப் பலமாகத் தள்ள வேண்டும். ப, த, க மூன்றுக்கும் இப்படி ஜோடி உண்டு. அதில் ஒரு பாதி தமிழில் சொல்லின் தொடக்கத்தில் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. அதனால் பின்யினை (சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை) ஆங்கிலம் மாதிரி வாசிக்காதீர்கள்.

குளிரில் நின்று சொல்லிப் பாருங்கள். "த்ஹு" என்னும்போது வாயிலிருந்து வெண்புகை சட்டென்று பாயும், "து"வுக்கு அப்படிப் பாயாது. வெயில் காலத்தில் இந்த வசதி கிடைக்காது!

படி 3: சுட்ட சர்க்கரைவள்ளி வாங்குங்கள்

வண்டிக்காரரிடம் உறவு சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். நாம் கடையில் "அக்கா" என்பதுபோல இங்கே "தாஜியே", வேலை செய்யும் ஆண்களுக்கு "ஷிர்ஃபு". "நீ" என்பது நம் "நீ"யேதான். "நீங்கள்" என்பதற்கு "நின்". பெய்ஜிங்கில் "நின்" நிறையவே புழங்குகிறது, பெரியவர்களிடம் அதையே சொல்லுங்கள். விலையைக் கேட்டு, பதிலை வாயால் திருப்பிச் சொல்லி, அப்புறம் போனை எடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

படி 4: கொழுக்கட்டைக் கடை

தண்ணீரில் வேகவைத்த ஜியாவ்ட்ஸ, பார்க்க நம் சோமாசி மாதிரி இருக்கும். அதன் பெயர் "ஷுவெய்ஜியாவ்". தூங்குவதற்கும் கிட்டத்தட்ட அதே ஒலி. தூக்கத்துக்கு இரண்டு அசையும் "போ!" என்று அதட்டுவதுபோல விழும். சாப்பாட்டுக்கு முதல் அசை "அப்படியா?" என்று கேட்பதுபோல ஏறும், இரண்டாவது அடித்தொண்டையில் தாழும். தாழும் தொனி (மூன்றாவது) அடுத்தடுத்து இருமுறை வந்தால் முன்னது ஏறும் தொனியாகிவிடும் (இரண்டாவது) என்ற விதி இதுதான். "நீ ஹாவ்" சொல்லும்போது தெரியாமலே அதைச் செய்கிறோம்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். எண்ணும்போது இரண்டுக்கு "அர்" என்றாலும், இரண்டு கிண்ணம் என்றால் "லியாங் வான்"; "அர் வான்" என்று சொல்வதில்லை. ஆனால் பல கடைகளில் ஜியாவ்ட்ஸவை எடைக் கணக்கில் கேட்பார்கள். அந்த எடைக்கும் "லியாங்" என்றே பெயர், 50 கிராம் மாவு. அங்கே மட்டும் "அர் லியாங்" என்று சொல்ல வேண்டும். நான் இதை மாற்றிச் சொல்லி, கடைக்கார அக்கா திருத்திய பிறகுதான் மனதில் நின்றது. திருத்துகிறவர்களிடம் நன்றி சொல்லி அங்கேயே ஒருமுறை சரியாகச் சொல்லுங்கள்.

சைவர்கள் கேட்டால் பெரும்பாலும் ஜியுத்சாய் கீரையும் முட்டையும் வைத்தது வரும். முட்டையும் கூடாதென்றால் "பூயாவ் ஜீதான்".

படி 5: ஞாயிறு மாலை, அடுப்படியில்

உறைந்த ஜியாவ்ட்ஸ ஒரு பொட்டலம் வாங்கிக் கொதிநீரில் போடுங்கள். பொங்கி வரும்போது அரை கோப்பை பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை ஊற்றினால் தோல் கிழியாமல் உள்ளே வேகும். ஒவ்வொரு தடவையும் சத்தமாக எண்ணுங்கள்: நீட்டிப் பிடித்து "யீ", அதட்டி "அர்", மறுபடியும் நீட்டி "ஸான்". மேலே மிதந்ததும் எடுத்துவிடலாம்.