சிறிய ஊர் பாரில் என்ன சொல்வது?

சிறிய ஊர் பாருக்குப் புதிதாகப் போனால் உடனே மெனு கார்டைத் திறக்காதீர்கள். முதலில் பக்கத்து மேசைகளைப் பாருங்கள். இரண்டு மூன்று மேசையில் ஒரே பதார்த்தம் இருந்தால் அதையே சொல்லுங்கள்.

கூட்டம் குறைவான இடத்தில் வேகமாக விற்பதுதான் அன்றன்று புதிதாகச் சமைத்ததாக இருக்கும். மற்றவை பெரும்பாலும் ஃப்ரீசரிலிருந்து வரும். குடிப்பதற்கும் இதே கணக்குதான். திறந்த ஒயின் சில நாட்களில் காற்றுப்பட்டுச் சுவை கெடும். குழாயில் பிடித்துத் தரும் டிராஃப்ட் பியரும் பீப்பாய் திறந்து நாளாக நாளாக மட்டமாகிவிடும்; குழாயைச் சரியாகக் கழுவாவிட்டால் புளிப்போ, லேசான வெண்ணெய் வாடையோ அடிக்கும். அதனால் எது அதிகம் ஓடுகிறது என்று கேட்டு, முதலில் ஒரு வாய் ருசி பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை. விஸ்கி, ரம்முக்கு இந்தக் கவலை வேண்டாம். சுமார் 40 சதவீதம் ஆல்கஹால் இருப்பதால் திறந்த பாட்டிலும் மாதக்கணக்கில் தாங்கும்.

கடை காலியாக இருக்கும் நேரத்தில் பக்கத்து மேசையைப் பார்க்கும் இந்த வழி உதவாது. அப்போது மூடிய பாட்டில் பியரும், சொன்னபின் சுடச்சுடப் பொரித்துத் தருவதும் போதும். அப்புறம், ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கத்து மேசையை நம்பாமல் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று சமையலறையிலேயே கேட்டுவிடுங்கள்.