பட்டாளத்துத் தாத்தாவின் கதையை எழுதி வைப்பது எப்படி?

தாத்தாவின் முதல் வருஷ திதிக்குள் அவர் கதையைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்றார் சித்தப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள், வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவே அபூர்வம். அதனால் செய்த விதத்தை இங்கே சொல்லி வைக்கிறேன்.

எடுத்த எடுப்பில் யாரையும் கேள்வி கேட்காதீர்கள். டிரங்குப் பெட்டியைத் திறங்கள். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, பிரிவு, மெடல்கள் எல்லாம் இருக்கும். (பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டு.) புக் தொலைந்துவிட்டால் பென்ஷன் ஆர்டரில் உள்ள ஆர்மி நம்பரை வைத்து அவர் பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதலாம். எங்கள் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் (பாலம், பாதை போடும் பொறியாளர் பிரிவு), அதனால் பெங்களூர். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். வழி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அப்புறம் மெடல்கள். 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடல் மட்டும் இருந்தால், அப்போது பணியில் இருந்தார் என்பதற்கு மேல் எழுதாதீர்கள். வட்ட மெடலின் விளிம்பில் நம்பரும் பேரும் பொறித்திருக்கும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். பளபளப்புக்காக பிராஸோ போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்து மழுங்கிவிடும்.

பழைய கடிதங்களில் ஊர்ப்பெயரைத் தேடிப் பயனில்லை. முகவரியில் 56 ஏ.பி.ஓ. (பட்டாளத் தபால் நிலையம்) என்றால் மேற்கோ வடக்கோ, 99 என்றால் கிழக்கு.

இனி ஆயாவிடம் (பாட்டியிடம்) உட்காருங்கள். "சண்டையைப் பத்தி சொல்லு ஆயா" என்றால் "அவர் எங்க சொன்னாரு" என்று முடித்துவிடுவார். மணியார்டர் எப்போது வரும், லீவுக்கு வந்தால் முதலில் என்ன சாப்பிடுவார் என்று கேளுங்கள். எங்கள் ஆயா எழுந்துபோய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். உள்ளே மணியார்டர் துண்டுச்சீட்டுகள், நூல் போட்டுக் கட்டியபடி. ஒன்றில் தாத்தாவின் கையெழுத்து: "மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கு. பெரியவனை அடிக்காதே. லீவு இல்லை." புத்தகத்தின் முதல் பக்கமே அதுதான். மெடல் படம் பின்னால் போய்விட்டது, சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தாத்தாவின் கூட்டாளிகளைத் தேடுகிறீர்களா? நவம்பரில் பேங்குக்குப் போங்கள். ஆயுள் சான்று கொடுக்க பென்ஷன்காரர்கள் வருவார்கள். எந்த கம்பெனி, லங்கரில் (பட்டாளத்துச் சமையல்கூடம்) என்ன சாப்பாடு, பாலம் போடும்போது குளிர் எப்படி என்று கேட்டால் பேச்சு தானாக வரும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

தாத்தா தனியாளாக டாங்கியை நிறுத்தினார் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. காகிதத்தில் ஆதாரமில்லை. விடவும் மனசில்லை. "வீட்டில் சொல்வது" என்று தலைப்புப் போட்டுத் தனியாகச் சேர்த்தேன்.

டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆர்டரையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலை அன்றே ஆயாவிடம் கொடுத்துவிடுங்கள். குடும்ப ஓய்வூதிய வேலைக்கு அவருக்குத்தான் அது வேண்டும்.